விலைக்கு வாங்கும் அச்சம்

மனிதன் எவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்குகிறான் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். நாம் வாழும் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. வாங்க வருபவர் ஆட்டின் பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். பேரம் பேசிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். உணவாயினும் உடையாயினும் மருந்தாயினும், ஏதேனும் ஒரு குறையைத் தீர்க்கவே மக்கள் பொருள் வாங்குகின்றனர். ஆனால் தீர்க்க வேண்டிய ஒன்றையே காசு கொடுத்து வாங்கும் சந்தை ஒன்றும் இன்று உலகில் நடைபெற்று வருகிறது. அங்கே விற்கப்படும் பண்டம் அச்சம்.

மேனாட்டார் ஹாலோவீன் என்று கூறும் இரவைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நவம்பர் முதல் நாளைக் கிறிஸ்தவர்கள் அனைத்துப் புனிதர்களின் திருநாளாகக் கொள்கின்றனர். அதற்கு முந்திய இரவே இது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்வேளையில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என்ற பழைய நம்பிக்கை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்தது. அந்நாட்டு மக்கள் அமெரிக்காவில் குடியேறியபோது வழக்கமும் உடன் சென்றது. அங்கே அது பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் இரவாயிற்று. 1973ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் கேளிக்கைப் பூங்கா, அக்டோபர் இரவுகளில் தன்னைப் பேய்களின் இடமாக மாற்றி நுழைவுச் சீட்டு விற்றது. 1991இல் ஃபுளோரிடாவின் யுனிவர்சல் பூங்கா அவ்வழியில் இறங்கியது. 2011இல் சிங்கப்பூரின் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் அது தொடங்கிற்று. கொரோனாத் தொற்றினால் 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் நின்றிருந்து, 2022இல் மீண்டும் நடைபெற்றது. இந்தியப் பெருநகர்களை அடுத்த பூங்காக்களுக்கும் இவ்வழக்கம் வந்துவிட்டது.

செய்முறை எளிது. இருண்ட அறைகள், வளைந்து செல்லும் குறுகிய வழி, புகை, திடுமெனக் கிளம்பும் பேரொலி, மூலையிலிருந்து பாயும் வேடதாரி. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, கைகால்கள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. அடுத்த நொடியே இது பொய் என்று அறிவு உணர்த்துகிறது. அந்த விடுதலையில் ஒரு களிப்புப் பிறக்கிறது. உள்ளே பெறுவது அச்சம். வெளியே வரும்போது கிடைப்பது நிம்மதி. சீட்டின் விலை இரண்டிற்கும் சேர்த்தே.

நம்மிடம் ஓதிச் சென்று, இப்போது சிங்கப்பூரில் பணிபுரியும் மாணவர் ஒருவர் இதுபற்றி நமக்கு எழுதினார். உடன் பணிபுரிவோர் குடும்பத்துடன் அங்கே செல்கின்றனராம். பதின்மூன்று வயது மகன் தானும் போக வேண்டும் என்கிறான். ஆறு வயது மகளும் அண்ணன் போகுமிடத்திற்குத் தானும் வருவேன் என்கிறாள். “ஹழ்ரத், அழைத்துப் போகலாமா?” என்பது அவருடைய வினா.

பிற சமயத்தாரின் விழாவில் முஸ்லிம்கள் எந்த அளவு கலந்துகொள்ளலாம் என்பது ஃபத்வாவின் துறை. தகுதி வாய்ந்த உலமாக்கள் அதற்கு விடை கூறுவர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு வினா. பேய் வேடம் தீபாவளிப் பொருட்காட்சியில் வந்தாலும், பள்ளி ஆண்டு விழாவில் வந்தாலும் அவ்வினா மாறாது. ஒரு குழந்தைக்கு அச்சத்தை வாங்கிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது?

இரு மொழிகளில் அச்சம்

நம் தமிழ் முன்னோர் அச்சத்தை இழிந்த ஒன்றாக ஒதுக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்துரைக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கண்ணுக்குப் புலனாகாதது, காட்டில் வாழ்வது, பிறர் பொருளைக் கவர்பவர், அரசனும் பெரியோரும் என இக்காலத்திற்கேற்ப இவற்றை விரித்துக்கொள்ளலாம். அஞ்சத் தக்கதற்கு அஞ்சாமல் இருப்பதை அறியாமை என்றே வள்ளுவரும் கருதுகிறார். அக்கருத்தை அறிவுடைமை என்னும் அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார்.

அரபு மொழியோ அச்சத்திற்குப் பல சொற்களை வைத்திருக்கிறது. வரவிருக்கும் தீங்கை எண்ணி அஞ்சுவது கவ்ஃப். ஒருவரின் பெருமையை அறிந்து, அவ்வறிவின் காரணமாக உள்ளம் பணிவது கஷ்யத். உள்ளத்தை முழுதும் நிறைத்துச் செயலறச் செய்யும் திகில் ருஃபு. திடுமென நெஞ்சைத் தாக்குவது ரவ்உ. இத்தனை சொற்கள் எதற்கு? எல்லா அச்சமும் ஒன்றல்ல என்பதற்காகவே. மருந்துக் கடையில் எல்லாப் புட்டிகளுக்கும் ஒரே சீட்டை ஒட்டி வைத்தால் என்ன நேரும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அச்சத்திற்கும் ஆதரவிற்கும் சேர்த்துத் தனியொரு நூற்பகுதியே வகுத்துள்ளார்கள். அச்சத்தை அவர்கள் ஒரு சாட்டைக்கு ஒப்பிடுகின்றார்கள். நற்செயலை நோக்கிச் செலுத்துவதே அதன் வேலை. குறைந்தால் பயன் தராது. மிகுந்தால் நம்பிக்கையிழப்பையும் நோயையும் அறிவு மயக்கத்தையும் விளைவிக்கும். ஆகவே, அச்சம் அளவினாலும் நோக்கத்தினாலும் மதிப்பிடப்பட வேண்டிய ஒன்று என்பது தெளிவு.

விளையாட்டாக அஞ்சுவது தவறென்று நாம் கூறவில்லை. தந்தை தம் குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். காற்றில் நிற்கும் அந்த நொடியில் குழந்தையின் கண்கள் அகலுகின்றன. கையில் விழுந்ததும் சிரிக்கிறது. மறுபடியும் போடச் சொல்கிறது. ஏன் சிரிக்கிறது? பிடிக்கும் கைகளை அது அறியும். அறியாத ஒருவர் அதே உயரத்திற்குத் தூக்கிப் போட்டால் அதே குழந்தை வீறிட்டு அழும். உயரம் ஒன்றே, மாறியது கை. அச்ச விளையாட்டு முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

உறங்கியவரின் கயிறு

பெருமானார் (ஸல்) அவர்களுடன் தோழர்கள் சிலர் பயணம் செய்துகொண்டிருந்தபோது நிகழ்ந்ததை இமாம் அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். தோழர் ஒருவர் உறங்கிவிட்டார். மற்றவர் சிலர் சென்று அவரிடமிருந்த கயிற்றை எடுத்தனர். விழித்தவர் திடுக்குற்றார். மற்றோர் அறிவிப்பில் எடுக்கப்பட்டது அம்பு என்றும், கூடியிருந்தோர் சிரித்தனர் என்றும் வருகிறது. ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமைத் திடுக்குறச் செய்வது ஆகாது என்று நபியவர்கள் அப்போது தடுத்தார்கள்.

எடுத்தவர்கள் எதிரிகளல்லர், உயிருக்குயிரான தோழர்கள். களவாட எடுக்கவுமில்லை. போனது ஒரு கயிறு அல்லது ஓர் அம்பு; அதுவும் உடனே திரும்பக் கிடைக்கக்கூடியது. அப்படியிருந்தும் அது விளையாட்டென்று விடப்படவில்லை. காரணம் யாது? உறங்கியவர் அந்த விளையாட்டில் சேரவில்லை. மற்றவர்கள் ஆடினார்கள்; அவர் ஆடப்பட்டார். சிரிப்பில் எல்லோருக்கும் பங்கு இருந்தது, அவர் ஒருவரைத் தவிர.

நகையும் தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகளுள் ஒன்று. அது பிறக்கும் நான்கு இடங்களுள் முதலாவது எள்ளல். பிறரை எள்ளிச் சிரிப்பதும் சிரிப்பே. ஆனால் உடன் சிரிப்பது வேறு, பார்த்துச் சிரிப்பது வேறு.

நம் வட்டாரத்தில் நடைபெற்ற பொருட்காட்சி ஒன்றில், தகரத்தாலும் கறுப்புத் துணியாலும் அமைந்த ‘பேய் வீடு’ ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்று கவனித்தோம். உள்ளே சென்று வந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு சிரித்தனர். அதில் நமக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு சிறுவன் வந்தான். ஐந்து வயதுக்கு மேலிராது. வாசலிலேயே வேண்டாம் என்று அழுதான். தந்தை அவனைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். தாய் கைபேசியில் படம் பிடித்தவாறே தொடர்ந்தார். வெளியே வந்தபோது சிறுவன் தந்தையின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான். அவன் முகத்தைத் திருப்பிப் படத்தில் விழச் செய்து, உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்துத் தேற்றவும் செய்தார்கள். எனினும் அச்சிறுவன் அன்று புகலிடமாகப் பற்றிய தோள், அவனை இருட்டுக்குள் சுமந்து சென்ற அதே தோள். பேய் பொய் என்பதை அவன் சில நாட்களில் உணர்ந்துவிடுவான். வேண்டாம் என்ற தன் சொல் செல்லவில்லை என்பது மட்டும் பொய்யில்லையே!

நோன்பின் அளவுகோல்

இதனை அளந்து பார்க்க நம் வீடுகளிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அது நோன்பு.

பசி ஒரு துன்பம். ஆயினும் ரமலானில் நாமே விரும்பிப் பசித்திருக்கிறோம். வீட்டில் உணவு இருக்கிறது. மாலையில் நோன்பு திறக்கும் நேரம் நிச்சயமாக வரும். இரண்டும் இல்லாதவனின் பசி நோன்பன்று, அது வறுமை. விரும்பி ஏற்ற பசி, ஏலாதவனின் பசியை நமக்கு உணர்த்த வேண்டும். ஈதலுக்கு நம்மை அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செய்யவில்லையெனில் பட்டினியே மிச்சம்.

பிள்ளைகளின் நோன்பை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஸஹருக்குத் தன்னையும் எழுப்ப வேண்டுமென அடம் பிடிக்கிறது. எழுப்புகிறோம். நண்பகலில் முகம் வாடுகிறது. “இன்றைக்கு இது போதும், ராஜா, அரை நோன்பு ஆயிற்று” என்று பாலை ஆற்றிக் கொடுக்கிறோம். கடமையாகாத வயது, ஆகவே அளவு பிள்ளையின் கையில். எந்தத் தாயும் வாடிய முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எந்தத் தந்தையும் பசியை வலிந்து திணிப்பதில்லை. கடமையான வழிபாட்டிற்கான பயிற்சியிலேயே இத்தனை கனிவு காட்டும் நாம், கேளிக்கையில் மட்டும் பிள்ளையின் ‘போதும்’ என்ற சொல்லைக் கேளாமலிருப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே, விளையாட்டு அச்சத்திற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. இது விளையாட்டு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். போதும் என்றதும் நிற்க வேண்டும். முடிவில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரிக்கக் கூடாது. பதின்மூன்று வயதுப் பையன் இவற்றை நிறைவு செய்யக்கூடும். ஆறு வயதுச் சிறுமிக்குப் பொய்யையும் மெய்யையும் பிரிக்கும் வரம்பு இன்னும் உறுதிப்படவில்லை. அமெரிக்காவின் யுனிவர்சல் பூங்காக்களே தம் ஹாலோவீன் இரவுகள் 13 வயதுக்குட்பட்டோர்க்கு ஏற்றவையல்ல என்று அறிவிக்கின்றன. விற்பவனே வேண்டாம் என்று எச்சரிக்கும் பண்டத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது பாசமாகாது. “அண்ணனுடன் நானும்” என்று அவள் கேட்பது அச்சத்தையன்று, அண்ணனின் துணையை. அதனை வேறு வழியில் கொடுக்கலாம்.

நம் வீட்டுப் பூச்சாண்டி

பூங்காக்காரரைக் குறை கூறும் முன் நம் வீட்டு முற்றத்தையும் சற்றே பார்க்க வேண்டும். சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி பிடித்துப் போவான். உறங்காவிட்டால் மூட்டைக்காரன் வருவான். மக்ரிபுக்குப் பின் வெளியே போனால் ஜின் அடித்துவிடும். இவற்றைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் ஊர்களில் உண்டா? பூங்காவின் பேய்க்கு வெளியேறும் வாசல் உண்டு. சிறிது நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுப் பூச்சாண்டிக்கு வாசல் ஏது? அவன் ஒவ்வோர் இரவும் கட்டிலுக்கடியில் காத்திருக்கிறான். கட்டணம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

முஸ்லிம் வீடுகளில் இதற்கு மற்றொரு கேடும் உண்டு. மறைவானவற்றை நம்புதல் நம் ஈமானின் பகுதி. ஜின் என்ற படைப்பு உண்டென்று குர்ஆன் கூறுகிறது. அத்தகைய ஒன்றைக் கவளச் சோற்றை விழுங்க வைக்கும் கருவியாக்கினால் என்ன விளையும்? சோறு இறங்கிவிடும். ஆனால் பத்து வயதில், பெரியவர்கள் சொன்ன ஜின் கதை வெறும் மிரட்டல் என்று பிள்ளை கண்டுகொள்ளும்போது, அதே வாயினால் சொல்லப்பட்ட மலக்குகளையும் மறுமையையும் அதே தட்டில் வைத்து நிறுக்கத் தொடங்கும். கஷ்யத்தை வளர்க்க வேண்டிய இடத்தில் ருஃபை விதைத்தால், அறுவடையில் இரண்டும் கிடைப்பதில்லை. இறைவனைத் தன்னைப் படைத்துக் காப்பவனாக முதலில் அறிந்த பிள்ளையே பின்னர் அவனுக்கு முறையாக அஞ்சும்.

உண்மையான அச்சங்கள்

போலி அச்சத்தில் திளைக்கும்போது மெய்யான ஆபத்தை நாம் மறந்துவிடக்கூடும். 1984 மே மாதம் 11ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவிலிருந்த பேய்க் கோட்டையில் தீப்பற்றியது. இளம் பருவத்தினர் எட்டுப் பேர் மாண்டனர். இருட்டும் புகையும் அலறலுமே வாணிபமாக உள்ள ஓரிடத்தில் மெய்யான அலறலை யார் பிரித்தறிவார்? 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில், ஹாலோவீன் கொண்டாட வந்த கூட்டம் ஒரு குறுகிய சந்தில் நெரிந்து 159 உயிர்கள் போயின. நம் நாட்டில், குஜராத்தின் ராஜ்கோட் நகரத்து விளையாட்டுக் கூடம் ஒன்றில் 2024 மே 25 அன்று மூண்ட தீ, குழந்தைகள் உட்பட 27 பேரைப் பலி கொண்டது. அங்கே பேய் இல்லை. இந்நிகழ்ச்சிகளை நினைவிற்கொண்டு, எந்தக் கேளிக்கைக் கூடத்திலும் பிள்ளையின் கையைப் பிடித்து நுழையும் பெற்றோர் முதலில் தேட வேண்டியது வெளியேறும் வழியை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் அங்கிருந்தே தொடங்குகிறது.

இன்னும் அண்மையில் வருவோம். நம் ஊரிலிருந்து நிமிர்ந்தால் தெரிவது ஜவ்வாது மலைத் தொடர். நம் அணைக்கட்டு வட்டாரத்தைச் சேர்ந்த அல்லேரி மலையில், 2023 மே மாதத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டியது. முறையான சாலை இல்லை. உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டாமல் குழந்தை இறந்தது. திரும்பும்போது வண்டி செல்லக்கூடிய இடம் வரையே சென்றது. அதன் பிறகு உயிரற்ற உடலைச் சுமந்துகொண்டு தாய் மலைப்பாதையில் நடந்தார். நாடே அச்செய்தியைக் கேட்டு வருந்தியது.

தொல்காப்பியம் எண்ணிய நான்கனுள் விலங்கு என்பது அத்தாய்க்கு ஏட்டுச் சொல்லன்று. இருட்டு அவருக்கு விளையாட்டுமன்று. அவரிடம் சென்று, அச்சத்தைப் பணம் கொடுத்து வாங்கும் ஊர்களும் உண்டு என்று கூறினால் அவர் என்ன நினைப்பார்? பாதுகாப்பு உள்ளவன்தான் அச்சத்தை விலைக்கு வாங்க முடியும். உணவு உள்ளவன்தான் பசியை விரும்பி ஏற்க முடிவதைப் போல. குறைஷ் என்னும் சிறிய சூரா, பசிக்கு உணவளித்ததையும் அச்சத்திலிருந்து அபயமளித்ததையும் இரு பேரருள்களாகச் சேர்த்து நினைவூட்டுவதன் ஆழம் இங்கே விளங்குகிறது.

பேய் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டு வெளிவரும் பையனிடம் இதனைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். “வெளியே வாசல் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது, ஆகவே சிரித்தாய். வாசல் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குண்டு விழும் ஊர்களில் உன் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாலையில்லாத மலையூர்களில் இருக்கிறார்கள். உன் வகுப்பில், முரடன் ஒருவனுக்கு அஞ்சிப் பள்ளிக்கு வரத் தயங்குபவன் ஒருவனும் இருக்கக்கூடும்.” விரும்பிப் பசித்தவன் பசித்தவனை அறிய வேண்டும், விரும்பி அஞ்சியவன் அஞ்சுபவனை அறிய வேண்டும். அன்று இரவு தங்கை விளக்கை அணைக்காதே என்றால், அவளை எள்ளாமல் எழுந்து சென்று விளக்கை ஏற்றுவானானால், அவன் வாங்கிய சீட்டு வீண்போகவில்லை.

இருளின் மறுபக்கம்

ரவ்உ என்ற அரபு வேரைப் பற்றி மேலே குறித்தோம். உறங்கிய தோழரின் திடுக்கீட்டைக் கூறும் வினை அவ்வேரிலிருந்தே பிறந்தது. அதே வேரிலிருந்து ராயிஉ என்ற சொல்லும் பிறக்கிறது. கண்டோரைத் திகைக்க வைக்கும் அழகுடையது என்பது அதன் பொருள். தமிழிலும் அணங்கு என்னும் சொல் வருத்தும் தெய்வத்தையும் குறிக்கும். மயங்க வைக்கும் பேரழகையும் குறிக்கும். நெஞ்சைத் தாக்கும் ஒன்று திகிலாகவும் முடியலாம், வியப்பாகவும் முடியலாம் என்பதை இரு மொழிகளும் அறிந்திருக்கின்றன. வியப்பைத் தொல்காப்பியம் மருட்கை என்று தனி மெய்ப்பாடாகவே வைத்துள்ளது.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. நகர ஒளி தீண்டாத அதன் இருளை நாடியே வானியல் அறிஞர்கள் அங்கே ஆய்வுக்கூடம் அமைத்தனர். 1986இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கியது. வைணு பாப்புவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கேளிக்கைப் பூங்கா எந்த இருளைத் திகிலாக்கி விற்கிறதோ, அதே இருளை விண்மீன்களைக் காணும் சாளரமாக இவர்கள் கொண்டனர்.

தொலைநோக்கி எல்லோர்க்கும் வேண்டுவதில்லை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், இஷாத் தொழுகைக்குப் பின் மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். விளக்கை அணையுங்கள். சிறியது முதலில் உங்கள் கையை இறுகப் பற்றும். பற்றட்டும். இறங்கிப் போகலாம் என்றால் உடனே இறங்கிவிடுங்கள். நாளை மீண்டும் வரலாம். நிற்கச் சம்மதித்தால், கண் இருளுக்குப் பழகும் வரை பொறுத்திருங்கள். ஒன்றிரண்டாகத் தெரிந்த விண்மீன்கள் மெல்லப் பெருகும். இறுகப் பற்றிய கை தளர்ந்து, ஒரு விரல் மேலே நீளும். அது என்ன, இது என்ன என்று கேள்விகள் தொடங்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை நாளை சேர்ந்து படிப்போம் என்று கூறுங்கள். நம் மக்கள் இருளையும் உங்கள் கையையும் ஒருங்கே நம்பி வளர இறைவன் அருள்வானாக.